பழைய தியேட்டர் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

குடியாத்தம் பக்கம் படம் ஓடுவது நின்றுபோன பழைய தியேட்டர் ஒன்று. ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் அதைக் குத்தகைக்கு எடுத்து, நாடகம் போடவும் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கவும் மன்றமாக்க முனைந்தார்கள். கடைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். பீடி சுற்றும் பெண்களும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் நடந்த முதல் வேலை என்ன தெரியுமா? சுவரில் இருந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்துவிட்டு, சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்தது.

ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பொறியாளரான என்னை அழைத்துக் காட்டியபோது சுவர் முழுக்கப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. ஓரிடத்தில் சிமெண்ட் பூச்சைப் பெயர்த்தேன். வெள்ளை உப்பும் செங்கல் பொடியும் கைநிறையக் கொட்டின. பூச்சு கெட்டியாகத்தான் இருந்தது. அதன் பின்னால் செங்கல்தான் கரைந்துகொண்டிருந்தது.

ஆற்காடு, வாலாஜாபேட்டை, ஆம்பூர் என்று எங்கே போனாலும் இதே கோலம். சிமெண்ட் என்றால் பலம், சுண்ணாம்பு என்றால் காலாவதியானது என்ற நினைப்பு அப்படி ஊறிக்கிடக்கிறது. படித்தவர்களும் இதையே சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை, ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. தரையிலிருந்து ஓதம் ஏறும், ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு, வியர்த்த உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றியது போல, அதை உள்ளேயே அடைத்துவைக்கிறது. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள் இன்னும் மேலே ஏறுகிறது. அதோடு வந்த உப்பு, செங்கலுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. நம் பக்கம் இது இரட்டைத் தொல்லை: தோல் பதனிடும் ஆலைகள் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் நிலத்தடி நீரே உப்பு. அந்த மாசு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பும் வந்தது. அப்படிப்பட்ட போர்வெல் நீரில் கலவை குழைத்தால், உப்பை நாமே சுவருக்குள் ஊட்டுகிறோம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால் மீண்டும் பூசலாம். செங்கல் உதிர்ந்தால் என்ன செய்வீர்கள்?

ஆள் கிடைக்கவில்லை என்பது சாக்கு. நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைக்கத் தெரிந்தவர்கள் கோயில் திருப்பணிகளில் இன்றும் வேலை செய்கிறார்கள். தேடுங்கள்.

பூச்சு பற்றி இவ்வளவு பேசினாலும், வேலை கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழைநீர்க் குழாயில் முளைத்த அரசஞ்செடியைப் பார்த்துக்கொண்டே பெயிண்ட் நிறம் தேர்வு செய்யும் குழுக்களைக் கண்டிருக்கிறேன். முன்கட்டில் மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட பழைய தட்டைக் கூரை, இருந்தால், தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையை ஒரு கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பாக இருக்கும் கட்டை, முனையில் மண்ணாகப் போயிருக்கலாம். அரங்கின் மேல் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா? தயவுசெய்து தன்னார்வலர்களை ஏற்றி உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. பயிற்சி பெற்றவர்கள் நனைத்து, உடையாமல், முழுத் தகடாகக் கழற்ற வேண்டிய வேலை அது.

சாய்வான தரையைச் சமமாக்க இடிபாட்டு மண்ணைக் கொட்டுவதும் வேண்டாம். கொட்டிய மண் சுவரில் அணைந்து ஓதத்தை இன்னும் உயர்த்தும். பக்கவாட்டு வெளியேறும் கதவுகளைச் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். கூட்டம் கூடும் இடத்தில் அதைவிட ஆபத்து வேறு இல்லை.

அனுமதிகளையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; அதிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்ப்பதற்கும் அங்கே அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குப் படம் திரையிடுவதென்றால் 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் தேவை.

முடியாத காரியத்தைச் சொல்லவில்லை. சென்னை அண்ணா சாலையில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர், அஞ்சல் துறையின் கைக்குப் போய், தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. நம் ஊர்த் தியேட்டர்களும் நிற்கும். அரங்கில் ஒரு மூலையில் மட்டும் சுண்ணாம்பு பூசி, ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். பிறகு மற்ற சுவர்களுக்குப் போகலாம். திறப்பு விழா அழைப்பிதழை அச்சடித்த பிறகு பொறியாளரைத் தேடாதீர்கள். நிதி திரட்டத் தொடங்கும் நாளிலேயே கூப்பிடுங்கள், வருகிறோம்.