'பேபி ஆஃப்' ஃபைல்கள்

போன வாரம் ஒரே ஒரு ஃபைலைத் தேட முக்கால் மணி நேரம் ஆனது. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி 4 வயதுப் பேரனைக் கூட்டி வந்திருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கண் ஆஸ்பத்திரியில்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்களாம். பையன் பெயரில் தேடினால் எதுவும் இல்லை. கடைசியில் அம்மா பெயரில், 'பேபி ஆஃப்' என்று தொடங்கும் ஃபைலில் கிடைத்தான். 7 வாரத்தில் ஆபரேஷன். அப்போது அவனுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை. முகவரி அம்மாவின் தாய்வீடு. போன் நம்பர் தாய்மாமனுடையது, இப்போது புழக்கத்தில் இல்லை. மூன்றாவது செக்கப்புக்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி.

"அவன் பாட்டுக்கு ஓடியாடுறானே, எதுக்கு அலையணும்னு விட்டுட்டோம் டாக்டர்" என்றார் பாட்டி. படத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறான் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்ன பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள். பழைய கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாட்டிக்கே புரை எடுத்திருந்தால் ஒரு மாதத்தில் வேலை முடிந்திருக்கும். குழந்தைக்கு அப்படி இல்லை. பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. நீளமுள்ள கண் வளர்ந்து 23, 24 மி.மீ. ஆகும், கூடவே பவர் மாறும். படலம் திரும்ப வளரலாம். மூளை பார்க்கப் பழகாமல் சோம்பேறிக் கண் ஆகலாம். கண் அழுத்த நோய் பல வருஷம் கழித்தும் சத்தமில்லாமல் வரும். அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த 114 கைக்குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து 10 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் 9 சதவீதமாக இருந்த அழுத்த நோய், ஐந்தாவது வருஷம் 17, பத்தாவது வருஷம் 22 என்று ஏறியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று 'ஆபரேஷன் சக்ஸஸ்' என்று எழுதும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

அதனால்தான் புரை எடுத்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்க ஒரு பதிவேடு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் குழந்தைகளின் புரைக்கென்றே ஒரு பதிவேடு உண்டு. பிறந்ததுமே ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிடுவதால் தேடுவது அங்கே சுலபம். இங்கே? தலைப்பிரசவம் தாய்வீட்டில், அப்புறம் குழந்தை அப்பாவின் ஊருக்குப் போய்விடும். போதாததற்கு 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஃபைலில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும் ஆம்பூர்க் குழந்தை இன்று திருப்பத்தூர் மாவட்டம்.

பதிவேட்டில் எனக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு: என் ஆபரேஷனில் வந்த சிக்கலை என் கையாலேயே எழுதுவது. சரி, எழுதித்தான் ஆக வேண்டும். அதை மறைப்பதைவிடப் பெரிய பொய் ஒன்று தானாகவே உள்ளே நுழைந்துவிடும். 100 பேருக்குச் செய்து 40 பேர் திரும்பி வந்து, அதில் 30 பேருக்குப் பார்வை நன்றாக இருந்தால் முக்கால்வாசி வெற்றி என்று எழுதிவிடலாம். வராத 60 பேரை யார் கணக்கில் வைப்பது? இப்போது அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குகிறோம்: கடைசியாக எப்போது வந்தார்கள், யார் போன் செய்தது, என்ன பதில். கூடவே அம்மாவின் பெயர், பிறந்த தேதி, இரண்டு வீட்டு முகவரி, கிராம செவிலியரின் நம்பர்.

பையனுக்கு அழுத்தம் சரியாக இருந்தது. இடது கண்ணில் படலம் இருக்கிறது, எடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அளவெடுத்தாயிற்று. பாட்டியிடம் மூன்று நம்பர் கேட்டேன். மகன், மருமகள், மூன்றாவதாக ஊர் மளிகைக்கடை. "அந்த நம்பர் மட்டும் மாறவே மாறாது, பத்து வருஷமா அதேதான்" என்றார். அதை முதல் கட்டத்தில் எழுதச் சொன்னேன்.