கல் தேவாலயத்தில் பாக்கின் பாடல் ஏன் குழம்புகிறது?

யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ‘மேக்னிஃபிகாட்’ என்னும் வழிபாட்டுக் கூட்டிசையை இரண்டு ஒலிப்பதிவுகளில் கேட்ட வாசகர் ஒருவர், ஒன்றில் ஐந்து குரல்வரிசைகளும் தனித்தனியே காதில் விழுவதாகவும், பெரிய கல் தேவாலயத்தில் பதிவான மற்றொன்றில் எல்லாம் கூழாகிவிட்டதாகவும் எழுதி, குறை பாடியவர்களுடையதா, ஒலிவாங்கியுடையதா என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இரண்டுமில்லை. குறை, அதைக் குறை என்று சொல்லலாமானால், கட்டடத்தினுடையது.

ஒலி சுவரில் பட்டுத் திரும்பும் என்பது பள்ளிப் பாடம். மூடிய அரங்கில் அது ஒருமுறை திரும்புவதோடு நிற்பதில்லை; தளம், தூண், கூரை எனப் பலமுறை மோதி, ஒவ்வொரு மோதலிலும் சிறிது ஆற்றலை இழந்து தேய்கிறது. இத்தேய்வே எதிர்முழக்கம். ஒலி நின்றபின் அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல் அளவுக்கு, குறைய ஆகும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பர்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்யுமாறு 1895-இல் கேட்டுக்கொள்ளப்பட்ட அவர், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தியபின் அவ்வொலி தேய்ந்து மறையும் நேரத்தைத் தம் செவியாலேயே கணித்தார். தாம் அணிந்திருந்த உடையும் ஒலியை உட்கவர்வது தெரியவந்ததும், ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே உடையில் மறுபடியும் தொடங்கினார். மெத்தை, திரை, மனித உடல் ஆகிய எல்லாவற்றின் உட்கவர் திறனையும் அவர் திறந்த சன்னலோடு ஒப்பிட்டார். சன்னல் வழியே வெளியேறும் ஒலி திரும்புவதே இல்லையல்லவா? அரங்கின் கன அளவை மொத்த உட்கவர் பரப்பால் (அங்குள்ளவை எல்லாம் சேர்ந்து எத்தனை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்ற அளவால்) வகுத்து 0.16-ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும் என்ற அவரது எளிய வாய்பாடு, மெட்ரிக் அளவுகளில் இன்றும் பயன்படுகிறது. ஒரு பல்கலைக்கழக அரங்கும் கடன் வாங்கிய மெத்தைகளும் ஒரு புதிய அறிவியல் துறைக்குப் போதுமானவையாக இருந்தன என்பதை, உடனடிப் பயன் என்னவென்று கேட்டே ஆய்வு நிதியை மறுப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி மேக்னிஃபிகாட்டுக்கு வருவோம். அதன் கூட்டுப்பாடல்களில் ஒரே உயிரெழுத்தின் மேல் பிருகாவைப் போல ஸ்வரங்கள் ஓடுகின்றன. ஒரு ஸ்வரத்துக்கு 0.2 வினாடி என்று வைத்துக்கொள்வோம்; பாடகர் குழுக்கள் பெரும்பாலும் இதைவிட வேகமாகவே பாடுகின்றன. எதிர்முழக்க நேரம் 6 வினாடி உள்ள கட்டடத்தில் ஒலி வினாடிக்கு 10 டெசிபல் குறைகிறது. எனவே அடுத்த ஸ்வரம் தொடங்கும்போது முந்தையது 2 டெசிபல்தான் குறைந்திருக்கும். அதன் ஆற்றலில் 63 விழுக்காடு இன்னும் அரங்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஸ்வரத்தில் 40 விழுக்காடு, அதற்கும் முந்தையதில் 25 விழுக்காடு. இந்தப் பெருக்குத் தொடரைக் கூட்டிப் பாருங்கள்: புதிய ஸ்வரத்தைப்போல் 1.7 மடங்கு ஆற்றல் பழைய ஸ்வரங்களின் எச்சத்திலேயே இருக்கிறது. பாடகர் எவ்வளவு துல்லியமாகப் பாடினாலும், அரங்கில் நிறைந்திருப்பது அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒரு பெருங்கொத்து. இதே கணக்கை 1.6 வினாடிக் கட்டடத்துக்குப் போட்டால், 0.2 வினாடியில் 7.5 டெசிபல் குறைந்து, 18 விழுக்காடே மிஞ்சுகிறது. எச்சங்கள் அனைத்தையும் கூட்டினாலும் புதிய ஸ்வரத்தின் கால் பங்கைத் தொடுவதில்லை. இவ்விரு கட்டடங்களின் எதிர்முழக்க நேரம் நான்கு மடங்குக்குள்தான் வேறுபடுகிறது. எச்சமோ ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபடுகிறது! ஐந்து குரல்கள் இப்படி ஒரே சமயத்தில் ஓடும்போது இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை வாசகரின் காதே சொல்லிவிட்டது.

பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை இசைப் பொறுப்பு வகித்த லைப்சிக் நகரின் புனித தோமா தேவாலயமும் கல் கட்டடம்தான். ஆனால் லூத்தரனிய வழிபாட்டில் மறையுரைக்கு முதன்மை கிடைத்தபின், மக்கள் அமர்ந்து கேட்பதற்காக அங்கே மர மாடங்களும் இருக்கைகளும் அடுக்கடுக்காக எழுந்தன. இம்மாற்றமே எதிர்முழக்கத்தைக் குறைத்து, பாக்கின் விரைவான பின்னல் இசைக்கு இடம்கொடுத்தது என்று பிரிட்டிஷ் ஒலியியலாளர் ஹோப் பேக்னல் 1930-இல் வாதிட்டார். எனக்கு இவ்வாதத்தில் மிகவும் பிடித்தது மரப்பலகையின் பங்கு. மெல்லிய பலகை கீழ்ஸ்தாயி ஒலிக்கு அதிர்ந்து அதன் ஆற்றலை விழுங்கிவிடுகிறது. கல்லால் அது இயலாது. எனவே கனத்த ஆண்குரலும் ஆர்கனின் அடிநாதமும் மேற்குரல்களை மூழ்கடிக்காமல் தெளிகின்றன. இதில் முன்னோரின் இரகசிய ஒலி ஞானம் எதையும் தேட வேண்டியதில்லை. மாடங்கள் இடநெருக்கடிக்காகக் கட்டப்பட்டவை. கிடைத்த அரங்குக்கு ஏற்ப எழுதத் தெரிந்த கலைஞர் ஒருவர் பிறகு அங்கே வந்துசேர்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கட்டடத்தைப் புதுப்பித்தபோது பரோக் கால உள்ளமைப்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டதால், இன்று அங்கே கேட்பதை பாக் கேட்ட ஒலி என்று சொல்லிவிட முடியாது.

வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தில் நிலைமை வேறு. குவிமாடங்கள் நிறைந்த அக்கட்டடத்துக்காக எழுதிய ஜொவான்னி கப்ரியேலி போன்றோர், பாடகர்களைத் தனிக் குழுக்களாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தி, ஒரு குழுவின் ஒலித்தொடருக்கு மறு குழு விடையளிக்குமாறு அமைத்தனர். சுரக்கூட்டு மெதுவாக மாறுகின்ற இத்தகைய இசையில் பழைய எச்சம் புதியதோடு பெரும்பாலும் இசைந்தே போகிறது.

கேட்பவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: முன்வரிசையில் அமர்வது. பாடகரிடமிருந்து நேராக வரும் ஒலி தொலைவு கூடக்கூட வலுவிழக்கும். எதிர்முழக்கமோ அரங்கெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஒலிவாங்கியைக் குழுவுக்கு அருகில் வைக்கும் பதிவாளரும் இதைத்தான் செய்கிறார். பாடுபவர்களுக்கு அவ்வளவு எளிய வழியில்லை. 20,000 கன மீட்டர் கொண்ட, 400 சதுர மீட்டர் உட்கவர் பரப்புள்ள வெற்றுத் தேவாலயத்தில் அவர்கள் ஒத்திகை பார்க்கும்போது எதிர்முழக்க நேரம் 8 வினாடி. ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் ஆயிரம் பேர் வந்தமர்ந்ததும் அது 3.6 வினாடியாகிவிடும். அதனால் மதியம் சரியாக இருந்த வேகம் மாலையில் சரியாக இருப்பதில்லை. முதல் பாடலின் சில அடிகளுக்குள்ளேயே நடத்துநர் அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.