மூடிய ஆலை விட்டுப்போன நச்சு மண்: 2025 விதிகளில் மனு போடுவது எப்படி?

மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஷாப், பழைய ரசாயனக் கிடங்கு போன்ற இடங்களின் மண்ணை யார், எத்தனை நாளில், யார் செலவில் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இவை 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாசடைந்ததாகச் சந்தேகப்படும் இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். அதை வைத்து மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வும், அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வும் முடிக்க வேண்டும். நச்சு அளவு மீறியது உறுதியானால் அந்த இடம் பகிரங்கமாக அறிவிக்கப்படும், ஆள் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வரும். மாசுக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க இன்னொரு 90 நாள். சுத்தம் செய்யும் செலவு அவருடையது. ஆள் கிடைக்காவிட்டால், அல்லது கட்ட வழியில்லாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும்.

ஆனால் பட்டியலில் ஏறாத இடத்துக்கு இந்த 90 நாள் கணக்கு எதுவும் ஓடாது. அதனால் மனுவின் வேலையே பட்டியலில் ஏற்றுவதுதான்.

எல்லா இடமும் இதில் வராது. மதுரை வெள்ளக்கல் போன்ற மாநகராட்சிக் குப்பைக் கிடங்குகளுக்குத் திடக்கழிவு விதிகள் தனி. சுரங்கக் கழிவும் வெளியே. கதிரியக்கக் கழிவு 1987 அணுசக்தி விதிகளின் கீழ் வருகிறது. பழைய இரும்புக் கடையில் மூவிலைக் குறி (கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம்) இட்ட ஈய உருளை கண்ணில் பட்டால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தொடாமல் விலகி, உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்பாக வந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த கருவியைப் பிரித்ததில் ஓர் உயிர் போனது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. ‘தண்ணீர் நாறுகிறது’ என்று மட்டும் எழுதினால் மனு ஊராட்சிக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும். கிராமம், சர்வே எண், எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம், ஆலை ஓடிய வருடங்கள் ஆகியவை இருக்கட்டும். வில்லங்கச் சான்றும் இணையுங்கள். கைமாறிய நிலத்தில் பழைய உரிமையாளரைப் பிடிக்க அதுதான் நூல்.

மனுவுக்கு ஆதாரமாகத் தண்ணீர் மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றில் மட்டும் எடுத்தால், ‘இந்தப் பக்கம் நிலத்தடி நீரே உப்புதான்’ என்று எதிர்த்தரப்பு தட்டிவிடும். மதுரை, திண்டுக்கல் பாறைப் பூமியில் அதை மறுப்பதும் கஷ்டம். ஆலைக்கு மேட்டுப்புறம் ஒரு கிணறு, அருகில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என மூன்றிலும் ஒரே நாளில் எடுங்கள். தொட்டித் தண்ணீர் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நேரடியாகப் பிடியுங்கள். உலோகப் பரிசோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். சாதா கேனில் பிடித்தால் குரோமியம் கேனின் சுவரில் ஒட்டி, அளவு குறைத்துக் காட்டும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்கட்டும். குடிநீர்த் தர அளவுப்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமையும், கரைந்த உப்பு வேறு நீராதாரம் இல்லாத இடத்தில்கூட 2,000 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஐப்பசி மழைக்குப் பின் நீர்த்துப்போயிருக்கும் என்பதால் கோடையிலும் ஒருமுறை எடுப்பது நல்லது.

சுத்தம் செய்வதாக ஒத்துக்கொண்டாலும் ‘எந்த அளவு வரை?’ என்ற கேள்வி மிச்சம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை மூடியது 2001-இல். மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மிஞ்சலாம் என்ற இலக்கு போதாது என்ற வாதம் வருடக்கணக்கில் நீண்டது. எனவே நிலம் விவசாயத்துக்கா, குடியிருப்புக்கா என்பதை முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள்: ‘எங்கள் சர்வே எண் எந்தத் தேதியில் பட்டியலில் சேர்ந்தது?’ பதிலுக்கு 30 நாள் கெடு. அடுத்து சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வு. அங்கே இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 வருடம்தான் அவகாசம். ஆய்வக அறிக்கைகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.