டோக்கனில் செருப்பின் நிறம் இருக்காது

இந்த மாதத்தில் சோர்ஸ் ஜெனரேட்டர் சிக்கல் இது மூன்றாவது. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஓடி, நமக்காக மேலும் நிரல் எழுதித் தரும் துணைநிரல் அது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் குழு எங்களுடையது. சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். 43 பிழைகள், அத்தனையும் சிவப்பு. "அண்ணே, ஒரே ஒரு சொல்தான் சேர்த்தேன். இந்தக் கோப்புகள் எதையும் நான் தொடவே இல்லை" என்றார்.

தொடவில்லை என்பது உண்மைதான். அந்த 43-இல் ஒன்றுகூட அசல் பிழை இல்லை. அவர் வடிகட்டி மறைத்து வைத்திருந்த மஞ்சள் எச்சரிக்கைகளுக்குள் ஒன்று கிடந்தது: சிஎஸ்8785. சோர்ஸ் ஜெனரேட்டர் பாதியிலேயே விழுந்துவிட்டது, அதனிடமிருந்து எதுவும் வராது என்பது அதன் பொருள். அது எழுத வேண்டிய வகுப்புகள் பிறக்கவே இல்லை. அவற்றை நம்பியிருந்த இடமெல்லாம் ஓலமிட்டது. வீடு எரிவதை எச்சரிக்கை என்றும் புகையைப் பிழை என்றும் வகுத்தவர்களை நான் என்ன சொல்ல!

சேர்த்த அந்த ஒரு சொல் 'பைட்', சிறிய எண்களுக்கான வகை. இயந்திரத்தின் நிலையைக் குறிக்கும் எனத்துக்கு அடிப்படை வகையாக அதை வைத்திருந்தார். (எனம் என்றால் enum, பெயர் சூட்டிய எண்களின் பட்டியல். 'ஈனம்' என்று எழுதினால் திட்டுவது போலாகிவிடுகிறது, ஆகவே எனம்.) ஓய்வு, ஓட்டம், பழுது என மூன்று உறுப்புகள். நாங்கள் எழுதும் சி ஷார்ப் மொழியில் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் முகம் சுளிக்காது.

இனி, என்னை எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். ஆட்ரிபியூட்டில் (நிரலின் மேல் ஒட்டும் குறிப்பில்) 'நிலை.ஓட்டம்' என்று எழுதினால், ஜெனரேட்டரின் கைக்கும் 'நிலை.ஓட்டம்' என்றே போய்ச் சேரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சேராது. 1 என்ற எண்தான் சேரும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருகிறார்கள். அதில் எண் இருக்கும், செருப்பின் நிறம் இருக்காது. ஜெனரேட்டர் கம்பைலருக்குள் ஓடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் நிரல் இன்னும் நிரலாகவே ஆகவில்லை; 'நிலை' என்ற வகையை ஏற்றி ஓட்ட எதுவுமில்லை. அதைப் பற்றிய விவரம் மட்டும் இருக்கிறது. மதிப்பைக் கேட்டால், அடிப்படை வகையில் பொதிந்த எண்ணைக் கம்பைலர் தரும். அடிப்படை பைட் என்றால் பொதிக்குள் பைட். அதை நேராக இன்ட் (வழக்கமான முழு எண் வகை) என்று பிரித்தால் விழும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

முதல் இரண்டு பேருக்கு நடந்தது இதைவிடக் குறும்பானது. எண்ணை அப்படியே உருவாக்கும் நிரலில் ஒட்டியிருந்தார்கள். 'நிலை = 0' என்று வந்தபோது சோதனை வெற்றி; 'நிலை = 1' என்று வந்ததும் சிஎஸ்0266, அதாவது எண்ணை எனமாகத் தானாக மாற்ற முடியாது என்ற பிழை. ஏன்? பூஜ்யத்தை மட்டும் எந்த எனத்துக்கும் வகை மாற்றமின்றிக் கொடுக்க மொழி அனுமதிக்கிறது. முதல் உறுப்பை வைத்து மட்டும் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று வீட்டுக்குப் போகிறவர்களே, தயவுசெய்து மூன்றாவது உறுப்பையும் வைத்துப் பாருங்கள்.

இன்னும் சிலர் அந்த எனத்தையே ஜெனரேட்டர் திட்டத்துக்குள் நகலெடுத்து வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து யாரோ நடுவில் 'பராமரிப்பு' என்று ஓர் உறுப்பைச் செருகுவார். ஒரு பக்கம் 2 என்றால் பராமரிப்பு, மறுபக்கம் பழுது. பிழை எதுவும் வராது. அதுதான் பயம்.

வழி எளிது. வகையின் முழுப்பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, எண்ணை அதன் பின் எழுதி, வகை மாற்றமாகவே உருவாக்குங்கள். எண்ணுக்கும் அடைப்புக்குறி போடுங்கள். இல்லாவிட்டால், எதிர்மறை எண் வரும்போது கம்பைலர் அதைக் கழித்தல் என்று படிக்கும். பெயர்தான் வேண்டுமென்றால் வகையின் உறுப்புகளில் அதே மதிப்புள்ளதைத் தேடுங்கள். இரண்டு உறுப்புகளுக்கு ஒரே மதிப்பு என்றால் எழுதியவர் எதைச் சொன்னார் என்று மதிப்பிலிருந்து தெரியாது. ஆட்ரிபியூட்டில் இருப்பது அணியா, அதாவது பல மதிப்புகளின் வரிசையா? தனி மதிப்பைக் கேட்காதீர்கள், விழும், தொகுப்பாகக் கேளுங்கள். அந்த எனத்தையே ஜெனரேட்டர்தான் உருவாக்குகிறது என்றால், தொடக்கத்திலேயே சேர்க்கும் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு எழுதுவதை ஜெனரேட்டர் தானே பார்க்க முடியாது.

எடிட்டர் பழைய ஜெனரேட்டரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். திருத்தியும் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் அதை மூடித் திறங்கள். உருவான கோப்புகளை வட்டில் எழுதச் சொல்லும் அமைப்பைத் திட்டக் கோப்பில் இயக்கி, என்ன எழுதப்பட்டது என்று கண்ணால் பாருங்கள். ஜெனரேட்டரைச் சோதனைத் திட்டத்திலிருந்து ஓட்டினால் வரிவரியாக நிறுத்தியும் பார்க்கலாம்.

தம்பியின் வேலை ஒரே வரியில் முடிந்தது. என் சோறுதான் ஆறிப்போனது. அடுத்து அனுப்புகிறவர்கள், சிவப்பு வரிகளை விட்டுவிட்டு மஞ்சள் வரியைப் படம் பிடித்து அனுப்புங்கள்.