சந்தியில ஸ்டொப் போர்ட் கேக்கப் போறீங்களா, இத வாசிச்சிட்டுப் போங்கோ

எங்கட ஒழுங்கை குறுக்கு றோட்டில ஏறுற இடத்தில ஒரு ஸ்டொப் போர்ட் போடச் சொல்லி பக்கத்து வீட்டு அக்கா எட்டு மாசம் அலைஞ்சவ. மூண்டு கந்தோர், அஞ்சு கடுதாசி. கடைசியில ஒரு கந்தோரில சொன்ன பதில், "அந்தச் சந்தியில எக்சிடன்ட் நடந்ததா ரெக்கோட் இல்லையே அக்கா". அவவின்ட மகன்ட கால் முறிஞ்சதே அந்தச் சந்தியிலதான். ஓட்டோக்காரத் தம்பி ஆஸ்பத்திரிச் செலவு தாறன் எண்டான், சமாதானமாப் போயிட்டாங்க, பொலிசுக்குப் போகேல்ல. கடதாசியில ஒண்டும் இல்லாட்டி கந்தோருக்கு ஒண்டும் நடக்கேல்ல, அவ்வளவுதான்.

அதால முதல் வேலை என்ட்ரி. சின்ன அடி எண்டாலும் பொலிசில முறைப்பாடு போட்டு இலக்கத்த வாங்கி வையுங்கோ. சமாதானமாப் போறதெண்டாலும் என்ட்ரி போட்டிட்டுப் போங்கோ. பழசுக்கு என்ட்ரி இல்லையெண்டா ஆஸ்பத்திரித் துண்டு, போட்டோ, திகதி, பாத்த ஆக்கள்ட கையெழுத்து, எது இருந்தாலும் சேருங்கோ.

அடுத்தது, றோட்டு ஆர்ட எண்டு தெரியாமக் கடுதாசி எழுதாதீங்க, அரைவாசி அலைச்சல் இதாலதான். ஏ, பி தர றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதித் திணைக்களத்துக்கு, மிச்ச உள் றோட்டும் ஒழுங்கையும் உங்கட உள்ளூராட்சி சபைக்கு. எங்கட திருகோணமலையில டவுனுக்குள்ள ஒரு சபை, அதத் தாண்டினா பட்டினமும் சூழலும் பிரதேச சபை, எல்லை எங்க எண்டு சில இடத்தில அங்க வேலை செய்யிற ஆக்களே யோசிச்சுத்தான் சொல்லுவாங்க, ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) கேட்டாத் தெரியும். நிலாவெளி றோட்டில வந்து ஏறுற ஒழுங்கையெண்டா இன்னும் கரைச்சல், ஒழுங்கை சபைக்கு, றோட்டு அதிகார சபைக்கு, ரெண்டு பேரும் மற்றவரக் கை காட்டுவாங்க. ஸ்டொப் போர்ட் வழக்கமா சின்ன றோட்டுப் பக்கம்தான் வரும், அதால சபைக்கு எழுதி மற்றக் கந்தோருக்கும் பொலிஸ் ட்ராபிக் பிரிவுக்கும் பிரதி போடுங்கோ. பிரதி போட்டிருக்கெண்டு அடியில எழுதினாலே கடுதாசிக்கு ஒரு மரியாதை வரும்.

பெரிய பொறி ஒண்டு இருக்கு. காணியப் பிளான் பண்ணித் துண்டு துண்டா வித்தவங்க விட்ட பாதை, பலது சபைக்கு ஒப்படைக்கப்படாமலே கிடக்கு. வரி கட்டுறீங்க, குப்பை வண்டி வருது, ஆனா போர்ட் கேட்டா "அது எங்கட றோட்டில்ல". அதால கடுதாசி எழுத முதலே இந்த ஒழுங்கை சபையின்ட வீதிப் பதிவேட்டில இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டி முதல்ல அதச் சேக்கிற வேலை, போர்ட் பிறகுதான்.

"பம்ப் (வேகத்தடை) போடுங்கோ", "நாலு பக்கமும் ஸ்டொப் போடுங்கோ" எண்டு எல்லாத்தையும் ஒரே கடுதாசியில கேக்காதீங்க, ஒண்டுக்கு ஏலாதெண்டா முழுக்கடுதாசியும் மூலைக்குப் போயிரும். இன்ன றோட்டிலிருந்து வாறவங்களுக்கு நில் பலகையும் வெள்ளைக் கோடும் வேணும், மதில் மறைக்குது, பள்ளிக்கூட நேரம் இத்தின பிள்ளையள் கடக்குது எண்டு எழுதுங்கோ. தமிழிலேயே எழுதுங்கோ, கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, பதிலும் தமிழில தரத்தான் வேணும். நாங்களே சீமெந்தக் குழைச்சு பம்ப் கட்டுவம் எண்டு இளம்பெடியள் வெளிக்கிடுவாங்க, விடாதீங்க, ராத்திரி ஒருத்தன் அதில விழுந்தா வழக்கு உங்கட தலையில.

கடுதாசியக் கையில குடுத்தா உங்கட கொப்பியில சீலும் திகதியும் வாங்காமத் திரும்பாதீங்க. "வையுங்கோ, சேர் வந்து பாப்பார்" எண்டா அது குப்பைக்கூடை. சீல் தர மாட்டனெண்டா பதிவுத் தபால்ல அனுப்புங்கோ. ஒக்டோபருக்கு முதல் குடுக்கப் பாருங்கோ, வருசக் கடைசியில சபை அடுத்த வருசப் பட்ஜெட்டப் போடும், அத விட்டா "காசில்ல, அடுத்த வருசம்" எண்ட பாட்டுத்தான். வட்டார மெம்பரிட்டயும் ஒரு கொப்பி குடுங்கோ, கூட்டத்தில அவர் கேட்டாரெண்டா அது கூட்டக்குறிப்பில ஏறும்.

ரெண்டு மாசம் பதிலே இல்லையா, திரும்பப் போய்க் கெஞ்சாதீங்க. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில கேளுங்கோ: இன்ன திகதிக் கடுதாசிக்கு என்ன நடவடிக்கை, பைல் இப்ப ஆரிட்ட, டெக்னிக்கல் ஒபிசர் இடத்த வந்து பாத்தாரா. ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. தரலாமா இல்லையா எண்டு 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும், மறுத்தா 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. அக்கா எட்டு மாசம் அலைஞ்சும் ஒருத்தரும் வரேல்ல, இந்த ஒரு கடுதாசிக்குப் பிறகுதான் ஒராள் டேப்போட வந்து சந்திய அளந்தார்.

போர்ட் நட்டாச்செண்டு கை தட்டிப்போட்டுப் படுக்காதீங்க. எங்கடதுக்கு முன்னால ஒரு முருங்கை மரம், கொப்பு வெட்டுற வரைக்கும் போர்ட் இருக்கிறது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.