முக்கியத்துவம் போதும், முறையைச் சொல்லுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கக் கல்லூரிகளில் ஆய்வு முன்மொழிவுக் கூட்டம், அதாவது ஆய்வு மாணவர் தான் செய்யப்போகும் ஆய்வைக் குழுவின் முன் விளக்கி அனுமதி கேட்கும் கூட்டம், எங்கே நடந்தாலும் ஒரே காட்சிதான். பேச 15 நிமிடம். அதில் 11 நிமிடம் ‘ஆய்வின் முக்கியத்துவம்’. ‘ஆய்வு முறை’ என்ற ஸ்லைடு திரைக்கு வரும்போது மணி அடித்துவிடும். “மீதி எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு சார்” என்று பிள்ளை இறங்கிவிடும். குழு ‘திருத்தி மீண்டும் வரவும்’ என்று எழுதும். அடுத்த கூட்டம் பல மாதம் கழித்து. அண்மையில் இன்னொரு முன்மொழிவும் இப்படியே திரும்பியது. நல்ல தலைப்பு, உழைப்பாளிப் பிள்ளை. பொறுக்கமுடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தலைப்பு எவ்வளவு முக்கியம் என்று நிரூபித்துவிட்டால் அனுமதி கிடைத்துவிடும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. குழுவில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்த மண்ணிலேயே வேலை பார்ப்பவர்கள். ‘தர்மபுரி ஒரு பின்தங்கிய மாவட்டம்’, ‘நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம்’, ‘மாங்கனி கிருஷ்ணகிரியின் அடையாளம்’ என்று அவர்களிடமே நான்கு ஸ்லைடு ஓட்டுவதில் என்ன பயன்? வீடு கட்டக் கடன் கேட்டுப் போனவர் பிளானையும் எஸ்டிமேட்டையும் காட்டாமல், மனிதனுக்கு வீடு எவ்வளவு அவசியம் என்று பேங்க் மேனேஜருக்கு விளக்குவது போலத்தான் இது. முக்கியமில்லாத தலைப்பு என்று குழு திருப்பி அனுப்பியது அபூர்வம். இவரால் இதைச் செய்து முடிக்க முடியுமா, முடித்தால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்குமா என்ற இரண்டும் தெரியாததால்தான் பெரும்பாலும் திருப்புகிறார்கள். முக்கியத்துவத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு, இரண்டு நிமிடம். அதிலும் உலகம், இந்தியா, தமிழ்நாடு, மாவட்டம் என்று படிப்படியாக இறங்க வேண்டாம். நேராக ஊருக்கே வாருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், முன்னாய்வுகளை வரிசைப்படுத்தி ஒப்பிப்பது. ‘இன்னார் இந்த ஆண்டு இப்படிக் கண்டறிந்தார்’ என்று முப்பது பேரைச் சொல்வதால் நீங்கள் படித்தது தெரியுமே தவிர, அவர்கள் விட்ட இடம் தெரியாது. உங்கள் கேள்விக்கு மிக நெருங்கி வந்த நான்கைந்து ஆய்வுகள் போதும். எங்கே, யாரிடம், எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்று ஒரே அட்டவணையில் போடுங்கள். அதன் கடைசிக் கட்டத்தில் விழும் வெற்றிடம்தான் நீங்கள் நிற்கப்போகும் இடம்.

அடுத்து, தலைப்பு. ‘தர்மபுரி மாவட்டத்தில் புளோரைடு பாதிப்பு – ஓர் ஆய்வு’ என்று எழுதினால் ஊர் பெயரும் நோய் பெயரும் கிடைக்கின்றன, கேள்வி எங்கே? இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘பென்னாகரம் ஒன்றியத்தில் ஒகேனக்கல் குழாய் நீர் வரும் வீடுகளில், சமையலுக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரையே எடுப்பவர்கள் எத்தனை சதவீதம், ஏன்?’ யாரிடம் போக வேண்டும், எதை எண்ண வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மூன்றும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிட்டது. நோக்கங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழு நோக்கம் வைத்தால் குழுவுக்கு ஏழு பக்கமும் அடிக்க இடம் கிடைக்கும்.

இனி முறைக்கு வருவோம். 15 நிமிடத்தில் 6 நிமிடம் இதற்குத்தான். ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு வரி வைத்து, என்ன தரவு, யாரிடமிருந்து, எந்தக் கருவியால், எப்படிப் பகுப்பாய்வு என்று நான்கு கட்டம் உள்ள ஓர் அட்டவணை போடுங்கள். ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால் அந்த நோக்கத்தை எடுத்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் ‘எஸ்பிஎஸ்எஸ் மூலம் பகுப்பாய்வு செய்யப்படும்’ என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் ஒரு மென்பொருள். சமையல் எப்படி என்று கேட்டால் அடுப்பின் பெயரைச் சொல்லி என்ன ஆகும்? எந்த மாறியை (ஆளுக்கு ஆள் மாறும், நீங்கள் அளக்கும் விவரத்தை) எந்த மாறியோடு, எந்தச் சோதனையால் ஒப்பிடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

எதை அளந்தால் எதற்குப் பதில் கிடைக்கும் என்ற பொருத்தம்தான் பலருக்கும் சறுக்கும் இடம். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் புளோரைடால் பல்லில் விழும் கறை குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நல்ல கேள்வி. யாருடைய பல்லைப் பார்ப்பீர்கள் என்றால், ‘18 முதல் 40 வயது வரை’ என்கிறார். பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில், சுமார் எட்டு வயதுக்குள், உருவாகிறது. கறை அப்போது குடித்த தண்ணீரின் சாட்சி. முப்பது வயதுக்காரர் இன்று எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அவர் பல் 2013-க்கு முந்தைய கதையைத்தான் சொல்லும். இந்தக் கேள்விக்குத் தன் ஊருக்குக் குழாய் நீர் வந்த பிறகு பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் வேண்டும். குழாய் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது என்பதால், ஊர்வாரியாக ஆண்டைக் கேட்டு எழுத வேண்டும். பல் ஆய்வுகளில் 12 வயதை உலக அளவில் ஒப்பிடும் வயதாக எடுப்பது வழக்கம்; அதையும் குறிப்பிடுங்கள். இன்று உடலுக்குள் போகும் புளோரைடின் அளவுதான் வேண்டும் என்றால் பல்லை விட்டுவிட்டுச் சிறுநீரிலும் தண்ணீரிலும் புளோரைடை அளக்க வேண்டும். தண்ணீர் மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்காதீர்கள், புளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். பாலித்தீன் பாட்டில்தான் சரி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. இரண்டில் எதைக் கோடாக எடுக்கிறீர்கள் என்று சொல்லாமல் ‘அதிகம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

மாதிரி எண்ணிக்கை என்றால் எல்லோர் ஸ்லைடிலும் 384. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘ஃபார்முலா சார்’. 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை, விகிதம் பாதிப்பாதி என்று வைத்தால் அந்த எண் வரும், ஆனால் எளிய சமவாய்ப்பு முறையில், சீட்டுக் குலுக்குவது போல, ஆட்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான். நீங்களோ பத்து ஊர்களைத் தேர்ந்து, அங்கே வீடு வீடாகப் போகிறீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தொட்டித் தண்ணீர் குடிப்பவர்கள், பதில்களும் ஒன்றுபோல இருக்கும். அதற்கு ஈடாக எண்ணிக்கையைப் பெருக்கும் மடங்கான ‘வடிவமைப்பு விளைவு’ 2 என்று வைத்தால் 768. பூட்டிய வீடு, பேச மறுப்பவர் என்று 10 சதவீதம் கழிந்தால், தொடக்கத்திலேயே 854 வீடு வேண்டும். தண்ணீர் விஷயத்தில் 2 என்பதே போதாது என்று ஒரு புள்ளியியல்காரர் எழுந்து சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது அந்த 854-ஐ நடந்து பாருங்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம், நடக்க நேரம் என்றால் ஒருவர் ஒரு நாளைக்கு 8 வீடு பார்ப்பதே பெரிது. 107 ஆள் நாள். நீங்கள் ஒருவரே, வாரம் ஐந்து நாள் போனால் 21 வாரத்துக்கு மேல். ஸ்லைடில் ‘தரவு சேகரிப்பு – 2 மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்! இந்தப் பெருக்கலைக் குழுவினர் மேஜையிலேயே போட்டுப் பார்ப்பார்கள். நீங்களே போட்டு, இரண்டு உதவியாளர்கள், இத்தனை நாள், பஸ் செலவு, படி என்று காட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

கால அட்டவணையை ஊரின் நாட்காட்டியோடு பொருத்துங்கள். மாம்பழக் கூழ் ஆலைத் தொழிலாளர்களை நவம்பரில் நேர்காணல் செய்வதாக எழுதாதீர்கள்; மாங்காய் வரத்து மே முதல் ஜூலை, மிஞ்சினால் ஆகஸ்ட், அதன் பிறகு அந்தப் பருவத்தொழிலாளி அங்கே இருக்கமாட்டார். பள்ளி ஆசிரியர்கள் என்றால் மார்ச், ஏப்ரலை விட்டுவிடுங்கள், பொதுத் தேர்வு. அரசுப் பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி, மனிதர்களிடம் உடல் சார்ந்த தரவு எடுக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இவற்றுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் அட்டவணையில் சேருங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் வினாத்தாள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது, தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. மொழிபெயர்த்து, வேறொருவரைக்கொண்டு திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்களா என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

மாவட்டப் புள்ளிவிவரம் போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் தர்மபுரி என்றால் இரண்டும் சேர்ந்து 28 லட்சத்துக்கு மேல். 2011-இல் தர்மபுரி மட்டும் 15 லட்சம் சொச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார் வரைபடமாகப் போட்டு ‘மக்கள்தொகை வீழ்ச்சி’ என்று விளக்கம் வேறு எழுதினால் அதோடு கதை முடிந்தது. 2001-இன் வட்டவாரி அட்டவணையை எடுத்து, இன்றைய மாவட்டத்தில் சேரும் வட்டங்களைக் கூட்டி ஒப்பிடுங்கள்.

ஸ்லைடு விஷயம் சுருக்கமாக. 15 நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு ஸ்லைடு. எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. ரிப்போர்ட்டின் பத்தியை அப்படியே ஒட்டாதீர்கள். திரையில் இருப்பதை வாசிப்பதற்குக் குழுவுக்கே கண் இருக்கிறது. தமிழில் போடுபவர்கள் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பை குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென்டிரைவில் வையுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது? அந்த நான்கு கட்ட அட்டவணையையும் கால அட்டவணையையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஆளுக்கு ஒன்றாக முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூவோடு ‘நன்றி’ வேண்டவே வேண்டாம். கேள்வி நேரம் முழுக்க அந்தப் பூதான் திரையில் நிற்கும். அங்கே உங்கள் ஆய்வுக் கேள்வியும் முறை அட்டவணையும் நிற்கட்டும். எல்லா ஸ்லைடிலும் எண் போடுங்கள், ‘அந்த மூணாவதோ நாலாவதோ ஸ்லைடு’ என்று தேடுவதிலேயே இரண்டு நிமிடம் போகிறது.

ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்து நடுவில் ஒரு வரி மறந்து அப்படியே நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தால் இருக்கட்டும். தமிழில் விளக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். உங்கள் துறை சாராத ஒருவரை எதிரே உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, சத்தமாக மூன்று முறையாவது பேசிப் பாருங்கள். மனதுக்குள் 12 நிமிடம் வருவது வாயில் 18 ஆகும்.

கேள்வி வரும்போது குறுக்கே பாயாதீர்கள். தாளில் குறியுங்கள், ‘மாதிரி எண்ணிக்கையைத்தானே கேட்கிறீர்கள் சார்?’ என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டு பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ‘இதை யோசிக்கவில்லை, பார்த்துச் சேர்க்கிறேன்’ என்பது மரியாதையான பதில். சுற்றி வளைத்து இழுத்தால் அதே கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வரும். ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை பதில் சொல்ல வாய் திறக்கும் முன் நீங்கள் பேசாதீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது குழுவுக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள், குழு சொன்ன ஒவ்வொரு திருத்தத்தையும் இடது கட்டத்திலும் நீங்கள் செய்த மாற்றத்தைப் பக்க எண்ணோடு வலது கட்டத்திலும் எழுதி, நெறியாளர் கையெழுத்தோடு அனுப்புங்கள். ஏற்காத திருத்தம் இருந்தால் ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு வரி. சொல்லாமல் விட்டது எது என்று அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.