பட்டை சேர்த்தால் பாரம் தாங்குமா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டைகளோடு கேரளா பக்கம் கிளம்பும் பிக்கப்புகளைக் கவனியுங்கள். பல வண்டிகள் பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பட்டறையில் இதற்கு ஒரே மருந்துதான்: "பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுடலாம்ணே."

பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே இருபுறமும் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு இருக்கும். அதுதான் லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏறினால் வளைவு நிமிர்ந்து பட்டை நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனை ஷேக்கிள் என்ற ஆடும் கொண்டியில் ஊஞ்சல்போல் தொங்குகிறது.

ஒரே தடிமனில் முழுநீளப் பட்டைகள் ஐந்து இருக்கும் இடத்தில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். தடிமனைக் கூட்டினால் கணக்கே வேறு. விறைப்பு தடிமனின் மும்மடியாக ஏறும், 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'ரெண்டு மில்லிதானே' என்று நினைப்பவர், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முதுகைப் பிடித்துக்கொள்வார்.

இதற்கு மாற்றுதான் ஹெல்பர் பட்டை. காலி வண்டியில் அதன் முனைகள் எதையும் தொடாது. பாரத்தில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், இறங்கி வந்து அதன்மேல் உட்கார்ந்த பிறகே வேலை செய்யும். அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ரப்பர் காற்றுப்பை வைப்பதும் உண்டு. காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது வசதி. ஆனால் பட்டை தன் இரு முனைகளில் பிரித்துக் கொடுத்த பாரத்தைப் பை ஒரே இடத்தில் முட்டுகிறது. சரக்கு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சேஸி அங்கே வளையக்கூடும்.

சரக்கு வைக்கும் இடத்தை ஸ்பிரிங் மாற்றாது. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 600 கிலோ வையுங்கள். பின் அச்சில் ஏறுவது 700 கிலோ! மிச்ச 100 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்தது. ஸ்டியரிங் லேசாகிப்போவது அதனால்தான். எத்தனை பட்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

பட்டறையில் பலர் பேசாத விஷயம் பிரேக். பல பிக்கப்புகளில் பின் அச்சையும் சேஸியையும் இணைத்து ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் மறுமுனையில் எல்.எஸ்.பி.வி. என்ற வால்வு. சேஸி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்தே அது பாரத்தை ஊகிக்கும். அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்திருந்தால் காலி வண்டி என்று நினைத்துக் குறைக்கும். பட்டை சேர்த்ததும் முழுப் பாரத்திலும் வண்டி அமுங்குவதில்லை. வால்வு ஏமாந்துபோகிறது. மலை இறக்கத்தில், நிஜமாகவே பாரம் இருக்கும்போது, பின் பிரேக் பாதி மனதோடு பிடிக்கும்.

அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவையே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையும் அதேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அந்த எடைக்குள் ஓட்டுபவர், வண்டி அமுங்காமலிருக்கப் பட்டை சேர்ப்பதில் நியாயம் உண்டு. பட்டறையிலிருந்து எடுக்கும் முன், வால்வுக் கம்பியைப் புது உயரத்துக்குத் திருத்தினார்களா என்று மட்டும் குனிந்து பார்த்துவிடுங்கள்.